வெறும் கம்பி

மலையில் ஒரு சிறிய நீர்மின் நிலையம் இருந்தது. ஒரே ஓர் இயந்திரம். ஐந்து மெகாவாட். அதைக் கமலவேணி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது முப்பத்தைந்து.

சமவெளியின் பெரிய அனல்மின் நிலையத்திலிருந்து பொன்னுரங்கம் அங்கே மாற்றலாகி வந்தார். வயது ஐம்பத்து நான்கு. இருநூற்றுப் பத்து மெகாவாட் இயந்திரம் ஒன்றை இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர். புதிதாக வருகிறவர் யாரானாலும் ஒரு மாதமாவது பழக வேண்டும். பழக்கியவர் கையெழுத்துப் போட்ட பிறகே இயந்திரத்தைத் தனியாகத் தொடலாம். இது விதி. அப்படித்தான் பொன்னுரங்கம் கமலவேணிக்கு மாணவர் ஆனார்.

"எங்க ஸ்டேஷன்ல உள் செலவுக்கே இதைவிட ஜாஸ்தி வேணும் மேடம்," என்றார் முதல் நாள்.

"இருக்கும் சார். வாங்க, வால்வைக் காட்டறேன்," என்றார் கமலவேணி.

கட்டுப்பாட்டுப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கையால் எழுதியது. தேயிலைத் தொழிற்சாலை, மருத்துவமனை, குடிநீர் பம்ப், மர மில், வர்க்கி சுடும் பேக்கரி. ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு தொலைபேசி எண். என்னென்ன மோட்டார், எத்தனை கிலோவாட் என்ற விவரம்.

வெள்ளிக்கிழமை காலையில் கமலவேணி அந்த எண்களுக்கு வரிசையாகப் பேசுவார். "புது மோட்டார் ஏதும் போட்டீங்களா? பழசை எடுத்துட்டீங்களா? அக்கா காலு தேவலையா?"

பொன்னுரங்கம் மூன்று வெள்ளிக்கிழமை பொறுத்தார். நான்காவதில் கேட்டார்.

"கொடுக்கறது நாம. வாங்கறவங்களுக்கு நாம எதுக்கு மேடம் போன் போட்டு நலம் விசாரிக்கணும்?"

தேயிலைத் தொழிற்சாலை மேலாளர் போஜன் வெள்ளிதோறும் ஒரு ஃபிளாஸ்க்கில் தேநீர் அனுப்புவார். கமலவேணி அதைத் திறந்து இரண்டு டம்ளரில் ஊற்றினார். ஒன்றைப் பொன்னுரங்கம் பக்கம் நகர்த்தினார்.

"எனக்கு வேணாம். யார்கிட்டயும் கை நீட்டிப் பழக்கமில்லை," என்றார் பொன்னுரங்கம்.

அந்த டம்ளர் அங்கேயே ஆறியது.

அடுத்த புதன்கிழமை போஜன் தொலைபேசியில் கூப்பிட்டு, வோல்டேஜ் குறைவாக இருக்கிறது, இலையை வாட்டும் விசிறிகள் மெதுவாகச் சுற்றுகின்றன என்றார். எடுத்தவர் பொன்னுரங்கம்.

"வர்றதை வாங்கிக்குங்க சார். இங்க என்ன ஹோட்டலா நடத்தறோம், கேட்டது கேட்டபடி கொடுக்க?"

இரண்டு நாள் கழித்து, பகல் பதினொரு மணிக்கு, மாநிலத்தின் தென்பாதி முழுவதும் மின்சாரம் நின்றது. எங்கோ ஒரு பெரிய கம்பி விழுந்தது. அதன் சுமை அடுத்த கம்பியில் ஏறியது. அதுவும் விழுந்தது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாம். மலை இயந்திரமும் தானாக நின்றது.

பேட்டரியில் ஓடும் துறைத் தொலைபேசி மணியடித்தது. அனல்மின் நிலையத்திலிருந்து காதர் பாய். பொன்னுரங்கத்தோடு அத்தனை வருடம் ஒரே ஷிஃப்டில் இருந்தவர்.

"ரங்கா, உன் மெஷின்தான். நின்னுடுச்சு. சூடா இருக்கு, டர்பைன் தண்டைச் சுத்திக்கிட்டே இருக்கலைன்னா வளைஞ்சிடும். பசங்க கடப்பாரை போட்டுக் கையால சுத்தறாங்க. எண்ணெய் பம்ப் பேட்டரியில ஓடுது. ஒரு மணி நேரம் தாங்கும். அதுக்கப்புறம் பேரிங் உருகிடும். மேலிடத்துல கேட்டா, உங்க மலை ஸ்டேஷன் ஒண்ணாலதான் வெளிக் கரண்ட் இல்லாம தானா எழுந்திருக்க முடியுமாம். கொஞ்சம் அனுப்புப்பா."

பொன்னுரங்கம் எழுந்து நின்றுவிட்டார்.

கமலவேணி வால்வைத் திறந்தார். தண்ணீர் இறங்கியது. இயந்திரம் உறுமிச் சீரானது.

"முதல்ல ஊருக்குக் கொடுப்போம் சார்," என்றார்.

"அங்க என் மெஷின் சாகுது. இங்க வர்க்கி சுடவா கரண்ட்? இருக்கிறதே அஞ்சு மெகாவாட். நேரா கீழே விடுங்க மேடம்."

கமலவேணி அவரைப் பார்த்தார். கடிகாரத்தையும் பார்த்தார். பிறகு பலகை முன்னாலிருந்து விலகி நின்றார்.

"சரி. ஒரு தடவை நீங்களே விடுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

பொன்னுரங்கம் சமவெளிக்குப் போகும் கம்பியை இணைத்தார். வோல்டேஜ் முள் ஏறியது. நிற்கவில்லை. குறைக்கப் பார்த்தார், குறையவில்லை. முள் நடுங்கிக்கொண்டே சிவப்பைத் தொட்டது. இணைப்பு தானாக அறுந்தது. மணி அலறியது.

"மெஷின் கோளாறு," என்றார்.

"மெஷின் நல்லா இருக்கு. கீழே வரைக்கும் எழுபது கிலோமீட்டர் வெறும் கம்பி சார். இவ்வளவு சின்ன மெஷினுக்கு அது ரொம்ப நீளம். பக்கத்துல வாங்க ஆளில்லைன்னா இதுக்குத் தலைக்கேறிடும்."

"என் மெஷின்ல இப்படி ஆனதே இல்லை."

"அதுக்கு எப்பவும் மாநிலமே வாங்க நின்னுச்சு."

கமலவேணி தாளிலிருந்த முதல் எண்ணைச் சுழற்றி, ரிசீவரை அவரிடம் நீட்டினார்.

"நானா? நீங்க பேசுங்க மேடம். அவருக்கும் எனக்கும் புதன்கிழமை..."

"வால்வை நான் பிடிக்கணும். உங்களுக்கு இன்னும் கையெழுத்து ஆகலை."

மறுமுனையில் மணி இரண்டு முறை அடித்தது.

"யாரு?"

"பவர் ஹவுஸ். பொன்னுரங்கம் பேசறேன்."

"ஹோட்டல்காரரா? சொல்லுங்க," என்றார் போஜன்.

"உங்க ஜெனரேட்டரை நிறுத்திட்டு எங்க லைனுக்கு மாறணும் சார்."

"ஜெனரேட்டர் ஜோராப் போகுது. நாலாயிரம் கிலோ இலை தொட்டியில வாடிக்கிட்டிருக்கு. உங்க கரண்டை நம்பி மாறி, அது பாதியில போச்சுன்னா இலை சிவந்துடும். எனக்கு எதுக்கு உங்க கரண்ட்?"

பொன்னுரங்கம் முள்ளைப் பார்த்தார். சமவெளியில் கடப்பாரை பிடிக்கும் கைகள் யாருடையவை என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொருவர் பெயரும் தெரியும்.

"உங்களுக்கு வேணாம் சார். எனக்குத்தான் வேணும். நீங்க எடுத்துக்கிட்டாத்தான் எங்க மெஷின் நிலையா ஓடும். அது ஓடினாத்தான் கீழே இருக்கிற மெஷின் பிழைக்கும். அதுகூட இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். தயவு பண்ணி வாங்கிக்குங்க."

மறுமுனையில் ஜெனரேட்டர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அது நின்றது.

"எத்தனை விசிறி போடட்டும்?"

"மேடம், எத்தனைன்னு கேக்கறார்."

"முதல்ல ரெண்டு. நான் சொன்னதும் இன்னும் ரெண்டு. ரெண்டுன்னா ரெண்டுதான்னு சொல்லுங்க. எத்தனைன்னு தெரிஞ்சாத்தான் இங்க கை நடுங்காது."

இரண்டு விசிறிகள் சுற்றின. முள் சிறிது இறங்கியது. கமலவேணி வால்வைத் திருப்பினார். இன்னும் இரண்டு. பொன்னுரங்கம் அடுத்த எண்ணைச் சுழற்றினார். குடிநீர் பம்ப். அடுத்து மர மில். மருத்துவமனை.

பேக்கரி அம்மாளிடம், "கரண்ட் அடுப்பைப் போடுங்கம்மா. மாவு பிசையற மெஷினையும் போடுங்க," என்றார்.

"மாவு தீர்ந்துடுச்சே."

"சும்மாவாவது ஓட விடுங்கம்மா. புண்ணியமாப் போகும்."

முள் நடுவில் வந்து நின்றது. ஆடவில்லை.

"இப்ப கம்பியை இணைங்க சார்," என்றார் கமலவேணி.

இணைத்தார். முள் ஏறியது. சிவப்புக்கு ஒரு விரல் கீழே நின்றது. நின்றபடியே இருந்தது.

துறைத் தொலைபேசி மணியடிக்கப் பதினோரு நிமிடம் ஆனது.

"ரங்கா, பம்ப் ஓடுது. தண்டு சுத்துது. பசங்க கடப்பாரையைக் கீழே போட்டுட்டு அங்கங்கே உக்காந்துட்டாங்க. பேட்டரியில இன்னும் கால் மணி நேரம் பாக்கி இருந்துச்சு. உனக்குத்தான்..."

"எனக்கில்லை பாய். அப்புறம் பேசறேன்," என்றார் பொன்னுரங்கம். ஐந்து எண்களும் இருந்த அந்தத் தாளைப் பார்த்தார்.

மாலை நான்கு மணிக்குள் மாநிலம் துண்டு துண்டாக எழுந்து ஒன்றோடொன்று சேர்ந்தது. கமலவேணி பழகுநர் பதிவேட்டை எடுத்து விரித்தார். அப்போது மறுபடி தொலைபேசி. பொன்னுரங்கம் எடுத்தார். கேட்டார். ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டார்.

"போஜன் சார்தான். இலை நல்லா இருக்காம். எனக்குன்னு தனியா ஒரு ஃபிளாஸ்க் அனுப்பறாராம். சர்க்கரை எவ்வளவுன்னு கேக்கறார்." தயங்கினார். "அவருக்கு எதுக்கு மேடம் சிரமம்? வேணாம்னு சொல்லிடட்டுமா?"

கமலவேணி பதிவேட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"எத்தனை ஸ்பூன்னு சரியாச் சொல்லிடுங்க சார். அவர் கை நடுங்கக் கூடாது."