உடைப்பு அடைக்கப்பட வேண்டும்

அந்தக் காலத்தில், பறவையும் மிருகமும் மனிதர்களைவிடத் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஆங்கிலம் பிறந்த அந்த மழைத் தீவில் ஓர் ஏரி இருந்தது. ஏரிக்காரர்களுக்கு ஒரு வழக்கம். சபையில் வேலை என்று வந்துவிட்டால், வேலையைப் பங்கிட வாயைத் திறப்பவர் முதலில் தன் பெயரைச் சொல்லி, தான் என்ன செய்யப்போகிறார் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்தவர் பெயரைச் சொல்லி, "நீ இதைச் செய்" என்று ஏவலாம். ஏவப்பட்டவர் பொழுது சாய்வதற்குள் செய்தாக வேண்டும். ஏவினவர் பொழுது சாயும்வரை வேலையிடத்தை விட்டு நகரக் கூடாது. செய்யாதவருக்கு ஏரித் தண்ணீர் கிடையாது.

நல்ல வழக்கம்தான். அதனாலேயே யாருக்கும் அது பிடிக்கவில்லை.

ஏரிக்குள், கரையிலிருந்து சற்று எட்டத்தில், நாணலுக்குள் ஒரு நாமக்கோழி குடியிருந்தாள். உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை நாமம். தண்ணீரில் மிதக்கிற கூட்டில் ஏழு முட்டைகள். புருஷன்காரன், தெற்குக் கரையில் பாசி நன்றாக இருக்கிறதாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினவன், இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு ஒரே ஒரு நிம்மதி, சுற்றிலும் தண்ணீர். நரிக்கு அந்தக் கூடு எட்டாது.

ஒரு நாள் விடிகாலை அவள் கண் விழித்தபோது, நாணல் தண்டுகளில் நேற்றைய தண்ணீர் இருந்த இடத்துக்கும் இன்றைய தண்ணீருக்கும் ஒரு விரற்கடை வித்தியாசம் தெரிந்தது. கரையோரம் போய்ப் பார்த்தாள். எலி வளை தோண்டின இடத்தில் மண் இளகி, குடம் நுழைகிற அளவுக்கு உடைப்பு. தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வெளியே ஓடிக்கொண்டிருந்தது.

முட்டைகளை இலைகளால் மூடிவிட்டு ஓடிப்போய்ச் சபையைக் கூட்டினாள். நீர்நாய் வந்தார், கலைமான் வந்தார், எலி வந்தான். நரி வந்து, யாரும் அழைக்காமலே தலைமை இடத்தில் உட்கார்ந்தார்.

"கரை உடைஞ்சிருக்கு. தண்ணி போகுது. யார் அடைக்கிறீங்க?" என்றாள்.

நீர்நாய் வானத்தைப் பார்த்தார். கலைமான் குளம்பில் ஒட்டியிருந்த புல்லை ஆராய்ந்தார். எலி இருமினான். வேலையைப் பங்கிட வாயைத் திறந்தால் முதல் வேலை தன் கழுத்தில் விழும் என்று எல்லோருக்கும் தெரியும்.

நாமக்கோழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'நான் நாணல் கொண்டுவருகிறேன்' என்று அவளே ஆரம்பித்திருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் பொழுது சாயும்வரை கூட்டுக்குத் திரும்ப முடியாது, முட்டை குளிர்ந்துபோகும். ஏற்கெனவே நேரமாகிக்கொண்டிருந்தது.

"ஏன் இப்படி ஊமையா உட்கார்ந்திருக்கீங்க? ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலைங்களேன்!"

நரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பதறாதேம்மா. பெயர் சொல்வதால்தானே சங்கடம்? பெயரை எடுத்துவிடுவோம். வேலையை மட்டும் முன்னால் வைப்போம். இப்படி: 'உடைப்பு அடைக்கப்பட வேண்டும்.'"

சபையே பெருமூச்சு விட்டது.

"அடடா! கண்டிப்பும் இருக்கு, யார் மேலேயும் இடிக்கவும் இல்லே" என்றார் கலைமான்.

"ஆனா யார் அடைக்கிறது?" என்றாள் நாமக்கோழி.

"அதான் சொல்லிட்டாரே, அடைக்கப்பட வேண்டும்னு" என்றார் நீர்நாய். "இதுக்கு மேலே என்ன தெளிவு வேணும் உனக்கு?"

புது முறை செல்லுபடியாக வேண்டுமென்றால் எல்லோரும் தலையசைக்க வேண்டும். அவள் ஒருத்தி மறுத்திருந்தால் போதும், அந்தப் பேச்சு அங்கேயே செத்திருக்கும். ஆனால் கூட்டில் முட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன. இவர்களோடு மல்லுக்கட்ட நேரம் ஏது? சனியன் தொலையட்டும் என்று தலையசைத்துவிட்டு ஓடினாள்.

மறுநாள் தண்ணீர் இன்னும் ஒரு சாண் இறங்கியிருந்தது. உடைப்பு அப்படியே இருந்தது. நேரே நீர்நாயின் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, கரை என்னாச்சு?"

"முடிவுதான் எடுத்தாச்சே."

"முடிவு எடுத்தா மண்ணு தானா நடந்து வந்து ஓட்டையில உட்காருமா?"

"என்கிட்ட ஏன் கத்துறே? என் பேரை யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டுவிட்டு, நீர்நாய் தண்ணீருக்குள் முங்கிக்கொண்டார்.

மறுபடி சபை. இந்தத் தடவை நரி, "வேண்டும் என்பது கொஞ்சம் அதட்டலாகப் போய்விட்டது, அதனால்தான் யாருக்கும் மனசு வரவில்லை" என்று விளக்கம் சொல்லி, 'உடைப்பு அடைக்கப்படுவது நல்லது' என்று மாற்றினார். எல்லோரும் நல்லதுதான் நல்லதுதான் என்று கலைந்தார்கள். எலிக்கு மட்டும் ஒரு சந்தேகம். வளை தோண்டியது யார் என்று பேச்சு வருமோ?

"வளை தோண்டப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான்" என்றார் நரி. எலி அவரைத் தெய்வத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

மூன்றாம் நாள் கூடு தண்ணீரில் மிதக்கவில்லை, சேற்றில் உட்கார்ந்திருந்தது. கரைக்கும் கூட்டுக்கும் நடுவே ஒரு முழ அகலத்துக்குத்தான் தண்ணீர். நாமக்கோழி அடித்துப்பிடித்துக்கொண்டு சபைக்கு ஓடினாள்.

"உடைப்பு அடைக்கப்பட முடியும். அடைக்கப்படவும் கூடும்" என்று நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார் கலைமான். புதுப் பேச்சு அவருக்கு நன்றாகக் கைவந்திருந்தது. தலைமை இடம் காலியாக இருந்தது. நரி தாமதமாகத்தான் வந்தார். வந்து உட்கார்ந்து, மீசையை மெதுவாக நாக்கால் துடைத்துக்கொண்டார். மீசையில் மஞ்சள்.

அவள் கூட்டுக்குத் திரும்பி ஓடினாள். ஏழில் இரண்டு இருந்தன. மீதி இடத்தில் ஓடுகள்.

சபைக்குத் திரும்ப எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"என் முட்டை எங்கே?"

நரியே வருத்தமாகச் சொன்னார்: "தின்னப்பட்டிருக்கலாம்."

"ஐயோ பாவம். பாதுகாக்கப்பட்டிருக்க வேண்டும்" என்றார் கலைமான்.

"உடைப்பு அன்னிக்கே அடைக்கப்பட்டிருக்கணும்" என்றார் நீர்நாய், தலையை ஆட்டி ஆட்டி.

நாமக்கோழி அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உண்மையிலேயே வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

"நரி தின்னான்" என்றாள்.

சபை அதிர்ந்துபோயிற்று. நரி தின்றதற்கு அல்ல, அவள் சொன்னதற்கு.

"என்ன பேச்சு இது? முகத்துக்கு நேரே பேரைச் சொல்லிக்கிட்டு!" என்றார் கலைமான். "வளர்ந்த வளர்ப்பு அப்படி" என்றான் எலி.

"வளர்ப்பைப் பத்தி நீ பேசாதே, ஓட்டை போட்டவனே! இப்ப கேளுங்க. நாமக்கோழி நான். நான் நாணல் கொண்டுவரேன். நீர்நாயண்ணே, நீங்க சேறு அள்ளுங்க. எலி, நீ சருகும் சுள்ளியும் இழு. மானய்யா, உங்க நாலு குளம்பாலேயும் அதை மிதிச்சு இறுக்குங்க. நரி, நீ எழுந்து மலைக்கு அந்தப் பக்கம் போ. பொழுது சாயறதுக்குள்ள."

பழைய வழக்கத்தை யாரும் இன்னும் ரத்து செய்திருக்கவில்லை. அவள் தன் பெயரை முதலில் சொல்லியாகிவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள். நரியும் எழுந்தார், மிகவும் கண்ணியமாக வாலைத் தட்டிவிட்டுக்கொண்டு.

மூன்று நாளாக முடியாத வேலை உச்சிப் பொழுதுக்குள் முடிந்தது. ஓடை தண்ணீர் கொண்டுவந்து சேர்க்க, இருட்டுவதற்குள் கூடு மறுபடி மிதந்தது. வழக்கப்படி அவள் பொழுது சாய்ந்த பிறகே கூட்டுக்குப் போனாள். ஒரு முட்டை சில்லிட்டுப்போயிருந்தது. இன்னொன்றில் கொஞ்சம் சூடு மிச்சமிருந்தது. அதன் மேல் உட்கார்ந்தாள். ஒன்பதாம் நாள் அது பொரிந்தது.

அவளை யாரும் பாராட்டவில்லை. 'காரியம் நடந்தது சரி, ஆனால் அவள் பேசின விதம்...' என்று பல நாள் பேசினார்கள். நரி போனாலும் நரி சொல்லிக்கொடுத்த பேச்சு போகவில்லை. பிற்பாடு அந்தக் கரையில் வந்து குடியேறிய மனிதர்கள், நாமக்கோழியின் பேச்சையும் கேட்டார்கள், சபையின் பேச்சையும் கேட்டார்கள். இரண்டில் எது மரியாதையான பேச்சு என்று அவர்களுக்குப் பட்டிருக்கும் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

அன்று முதல்தான் ஆங்கிலத்தில், அடைக்க வேண்டியதை மஸ்ட் பி க்ளோஸ்ட் என்றும், அடைத்தால் தேவலை என்பதை ஷுட் பி க்ளோஸ்ட் என்றும், அடைக்க முடிந்ததை கேன் பி க்ளோஸ்ட் என்றும், எல்லாம் ஓடிப்போன பிறகு ஷுட் ஹேவ் பீன் க்ளோஸ்ட் என்றும் பலகையில் அழகாக எழுதி மாட்டிவிட்டு, யார் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். நாமக்கோழியோ, பக்கத்தில் எவன் வந்தாலும் பெயர் சொல்லிக் கத்தித் துரத்திக்கொண்டே இருக்கிறாள்.