தொடாத அறுநூறு வரிகள்

விண்ணப்பத்தில் பெயர் சரியா என்று பார்க்க மென்பொருள் நிறுவன டீம் லீடர் தணிகாசலம் ஒரே ஃபைலில் அறுநூறு வரி புரோகிராம் எழுதியிருந்தார். ஒரு 'இஃப்' நிபந்தனைக்குள் இன்னொரு 'இஃப்' என்று பதினோரு அடுக்கு. இனிஷியல் மட்டும் உள்ளவர்களை, குடும்பப்பெயர் இல்லையென்று அது திருப்பி அனுப்பியது. வாடிக்கையாளர் மூன்று முறை புகார் செய்தார்.

தணிகாசலம் பயிற்சியிலிருந்த பூவிழியைக் கூப்பிட்டார்.

“நாலு மணிக்குள்ள சரி பண்ணும்மா. ஆனா என் ஃபைல் கோபுரம் மாதிரி. ஒரு வரியைத் தொட்டாலும் உனக்கு வேலை நிரந்தரம் ஆகாது.”

“சரி சார்.”

நாலு மணிக்கு வாடிக்கையாளர் வந்து, தணிகாசலத்தின் பெயரையே அடித்துப் பார்த்தார். 'ஆ. தணிகாசலம்' உடனே ஏற்கப்பட்டது.

“எப்படிம்மா?” என்று பூவிழியைக் கேட்டார்.

“ஒவ்வொரு விதியையும் தனித்தனிச் சின்ன ஃபைலா எழுதி, ஒரு பட்டியல்ல கோத்துட்டேன் சார். புது விதி வந்தா பட்டியல்ல ஒரு வரி சேர்த்தாப் போதும்.”

“இவ்வளவுதானா? ஆறு மாசமா முடியாதுன்னாங்களே!”

தணிகாசலத்தின் முகம் சிவந்தது. “என் ஃபைலைத் தொட்டியா?”

“ஒரு வரிகூடத் தொடலை சார். விண்ணப்பம் அதைக் கூப்பிடறதை மட்டும் நிறுத்திட்டேன்.”

வாடிக்கையாளர் சிரித்துவிட்டார். மறுவாரம் பூவிழியின் வேலை நிரந்தரமானது. கோபுரம் இன்றும் அப்படியே நிற்கிறது. உள்ளேதான் யாரும் போவதில்லை.