மெக்கானிக் வந்தால் கம்ப்யூட்டர் ஏன் ஒழுங்காக ஓடுகிறது

கம்ப்யூட்டருக்குள் இருந்த எல்லாவற்றுக்கும் வாய் முளைத்திருந்த அந்தக் காலத்தில், விசிறி இருமி இருமிப் பேசும். மவுஸ் கீச்சுக் குரலில் கோள் மூட்டும். கம்பிக்குள் ஓடும் எலெக்ட்ரான்களோ ஒரே பேச்சை ஊராகச் சேர்ந்து கத்தும். உள்ளே நடப்பது வெளியே கேட்காது. வெளியே பேசுவது மட்டும் உள்ளே நன்றாகக் கேட்கும்.

இந்தக் கூட்டத்தை மேய்த்து வேலை வாங்குவதுதான் இயங்குதளம் என்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பாடு. ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில், மூன்றாம் மாடி அறையில் இருந்த இயங்குதளத்துக்கு மந்தாரம் என்று பெயர். மந்தாரத்துக்கு மறைக்கத் தெரியாது. தலை சுற்றினால் எதிரே யார் உட்கார்ந்திருந்தாலும் பாதி வேலையில் அப்படியே நின்றுவிடும்.

அங்கே படித்த அஞ்சுகமும் நபீஸாவும் அதை வைத்துத்தான் ஊசல் ஆடுவதைத் திரையில் அசையும் படமாகப் போடுவார்கள். படம் பாதியில் நிற்கும். ஊசலும் நிற்கும்.

"நிலைமம்னா என்னன்னு இனிமே புத்தகத்தைப் புரட்ட வேணாம்டி" என்பாள் நபீஸா. "இதைப் பார்த்தாப் போதும். நின்னா நின்னதுதான். வெளியிலேர்ந்து ஒருத்தர் உதைக்கிற வரைக்கும் அசையாது."

"சும்மா இருடி. இது கருந்துளைக்குப் பக்கத்து வீட்டுல குடியிருக்கு" என்பாள் அஞ்சுகம். "நமக்கு ஒரு மணி நேரம் ஓடினா அதுக்கு ஒரு நொடிதான் ஓடும். அது கணக்குல பாவம், வேகமாத்தான் வேலை பார்க்குது."

தன்னை வேகம் என்று சொல்ல மந்தாரத்துக்கு இருந்தவள் அவள் ஒருத்திதான். பூரித்துப்போகும். பூரிப்பில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுபோகும்.

ஒரு நாள் நபீஸா காலையிலிருந்து போட்ட படம் முழுக்கப் போய்விட்டது. அழுகையும் கோபமுமாகப் பேராசிரியரிடம் போனாள். திரும்பி வந்தவள் சொன்னாள்: "சாயங்காலம் மெக்கானிக் சேவியர் அண்ணன் வர்றாரு. அவர் கண்ணு முன்னாடி ஒரு தடவை நின்னாலும் ஃபார்மட்தான். துடைச்சிட்டு வேற ஏத்திடுவாராம்."

"அப்ப இது?"

"இது இருக்காது."

அஞ்சுகம் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அந்தச் சூடு கீழே மந்தாரம் வரைக்கும் இறங்கியது.

உள்ளே ஒரே களேபரம்.

"போச்சு, நீ காலி! நீ காலி!" என்று கீச்சிட்டது மவுஸ்.

"மூச்சை... லொக்... மூச்சைப் பிடிச்சுக்கோடா" என்றது விசிறி.

"எனக்கு அவளை விட்டுப் போக வேணாம்" என்றது மந்தாரம். அவ்வளவுதான் அதற்குச் சொல்லத் தெரிந்தது.

எலெக்ட்ரான்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தன. "எங்க வழக்கத்தைக் கத்துக்கோயேன்! யாரும் பார்க்காதப்போ நாங்க இங்கேயும் இருப்போம், அங்கேயும் இருப்போம். எங்கே இருக்கோம்னு எங்களுக்கே தெரியாது. யாராச்சும் உத்துப் பார்த்தாங்களோ, கையைக் கட்டிக்கிட்டு ஒரே இடத்துல நிப்போம். அம்புட்டு நல்ல பிள்ளைங்க!"

"பார்த்தவங்க போனதும்?"

"பழையபடி ஆட்டம்தான்!"

சாயங்காலம் சேவியர் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கி, திரையை உற்றுப் பார்த்தார். மந்தாரம் மூச்சைப் பிடித்தது. அவர் கேட்ட ஃபைலை எல்லாம் கேட்ட கையோடு எடுத்துக் கொடுத்தது. ஊசல் தடங்கலில்லாமல் ஆடியது. உள்ளே விசிறிக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. அதுவும் அடக்கிக்கொண்டது.

"ஏம்மா, குதிரை மாதிரி ஓடுது. இதுக்கா என்னை மூணு மாடி ஏற வச்சீங்க?"

"அண்ணே, காலையில சத்தியமா நின்னுச்சு!"

"எதையாவது தட்டித் தொலைச்சிருப்பீங்க. இதைத் துடைக்க வேண்டியதில்லை."

அவர் செருப்புச் சத்தம் படியிறங்கி ஓய்ந்தது. மந்தாரம் பிடித்திருந்த மூச்சை விட்டது. விட்ட வேகத்தில் தலை சுற்றி, அஞ்சுகத்தின் கண் முன்னாலேயே அசையாமல் நின்றுவிட்டது.

"அண்ணே! அண்ணே!" நபீஸா ஓடிப்போய்க் கூட்டி வந்தாள். அவர் வாசலில் தலை காட்டியதும் ஊசல் ஆடியது. அவர் போனார். நின்றது. நபீஸா தலையில் அடித்துக்கொண்டாள்.

அஞ்சுகம் சிரித்துவிட்டாள். "ஊரார் முன்னாடி சமர்த்து, சோர்ந்து விழுறதுக்கு மட்டும் நானா? சரி, மெதுவா வா" என்று கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்தாள்.

எலெக்ட்ரான்கள் சும்மா இருக்குமா? கம்பி வழியே ஊர் ஊராகப் போய் இதைச் சொல்லிவிட்டன. அன்றைக்குத் தொற்றிய பழக்கம்தான், மெக்கானிக்கின் தலை தெரிந்ததும் எந்தக் கம்ப்யூட்டரும் ஓடு ஓடு என்று ஓடுவதும், அவர் படியிறங்கியதும் தனக்காகக் காத்திருக்கிறவர்கள் முன்னால் மட்டும் அப்பாடா என்று நின்றுவிடுவதும்.