மூடியிருந்த ஏர் பிளக்

“மாஸ்டர், அந்தப் பலகை சீட்டி அடிக்குது. இனி நான் கொட்டகைக்குள்ள போக மாட்டேன்.”

சந்தியாகு இதைச் சொன்னபோது நண்பகல். காற்று நின்றுபோயிருந்தது. கடலில் ஒரு மடிப்புகூட இல்லை.

பிலோமினா தலை நிமிரவில்லை. ஒரு பலகையின் விரிசலில் பசை பூசிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு ஐம்பத்திரண்டு. அவளுக்கு முப்பத்தைந்து. முப்பது வருடம் விசைப்படகு எஞ்சின் பார்த்தவர், பாய்ப்பலகை பழுது பார்க்க அவளிடம் கற்றுக்கொள்ள வந்து இரண்டு வருடம். அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். அந்தக் கடல் விளையாட்டு முகாமில் இதைப் பார்த்து இப்போது யாரும் சிரிப்பதில்லை.

“எந்தப் பலகை?”

“உங்களுக்குத் தெரியும்.”

“பேரைச் சொல்லுங்க.”

“பிரிட்டோ பலகை.”

அவள் தூரிகையைக் கீழே வைத்தாள்.

பலகையில் பாயைக் கட்டி, அதில் நின்றுகொண்டே கடலில் போகச் சுற்றுலா வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவன் பிரிட்டோ. ஒன்பது நாளைக்கு முன்னால் தனியாகப் போனான். சாயங்காலம் பலகை மட்டும் கரைக்கு வந்தது. பாய் இல்லை. அவனும் இல்லை.

பிரிட்டோ ஒரே கையில் தூக்கிக்கொண்டு வரும் பலகை. அன்று நான்கு பேர் சேர்ந்து இழுத்தார்கள்.

“கடல்ல கிடந்துச்சுல்ல, ஈரம் இருக்கத்தான் செய்யும்” என்றார் மேலாளர் குணாளன். விசாரணை முடியும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது, காற்றுத் துளையின் திருகு மூடியான ஏர் பிளக்கைத் திறக்கக்கூடாது என்றும் சொன்னார்.

முதலாளி ஒருநாளும் அந்தக் கடலுக்கு வந்ததில்லை. அவருடைய காகிதம் வந்தது.

அந்தக் காகிதம் இப்போது சந்தியாகுவின் சட்டைப் பையில் நான்காக மடிந்திருந்தது. அவர் அதை எடுத்து விரித்தார்.

“இதுல என்ன எழுதியிருக்கு? ‘சம்பவ நாளன்று காலை பலகையின் ஏர் பிளக் மூடியிருந்தது.’ அவ்வளவுதானே? பொய்யா மாஸ்டர்? நான்தான் மூடினேன். காசை வச்சுத் திருகினேன். இறுகுச்சு.”

“பொய் இல்ல.”

“கையெழுத்துப் போடலேன்னா நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்ங்கிறாங்க. போட்டா, தப்பு பிரிட்டோ தலையில. காத்தை மதிக்காமப் போனான், செத்தான்னு ஆயிடும். அவங்கம்மா அதைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்.”

“ம்.”

“நீங்க முத நாளே போட்டுட்டீங்க. இந்தா இருக்கு உங்க கையெழுத்து. எனக்கு மட்டும் ஏன் கை வர மாட்டேங்குது? அதைச் சொல்லுங்க.”

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“வளையம்?” என்றாள்.

சந்தியாகு காகிதத்தையே பார்த்தார்.

பிளக்குக்குக் கீழே சுண்டுவிரல் நகமளவு ஒரு ரப்பர் வளையம் உண்டு. தண்ணீரைத் தடுப்பது திருகு இல்லை, அதுதான். பருவத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இரண்டு பருவமாகக் கேட்டார்கள். அடுத்த பருவம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. சந்தியாகு பழைய வளையத்துக்குக் கிரீஸ் தடவித் திரும்ப மாட்டினார். அது தட்டையாகி, ஓரத்தில் கீறியிருந்தது. பிலோமினா பக்கத்தில் நின்று பார்த்தாள்.

“வளையத்தைப் பத்தி காகிதம் கேக்கல” என்றார்.

“பலகையைக் கேப்போம். வாங்க.”

“வர மாட்டேன்னு சொன்னேன்ல?”

அவள் ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்கினாள். நடந்தாள். அவர் பின்னால் போனார்.

கொட்டகைக்குத் தகரக் கூரை. உள்ளே பதினெட்டுப் பலகைகள் சுவரில் சாய்ந்து நின்றன. எல்லாவற்றிலும் பிளக் திறந்திருந்தது. கரையில் திற, கடலில் மூடு. அவள் அவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. பலகையின் வயிற்றில் தெர்மோகோல். வெயிலில் உள்ளே இருக்கும் காற்று பெருகும். போக வழி இல்லையென்றால் பலகை தோல் பிரிந்து வீங்கும்.

பத்தொன்பதாவது பலகை இரண்டு டயர்கள்மேல் தனியாகக் கிடந்தது. அதில் மட்டும் பிளக் மூடியிருந்தது.

அதிலிருந்து சீட்டி வந்தது.

மெல்லிய சீட்டி. நீளமாக ஒன்று. ஒரு நிறுத்தம். மறுபடி ஒன்று. பிரிட்டோ கரையை நெருங்கும்போது, பலகையைப் பிடிக்க யாராவது வாங்க என்று அப்படித்தான் அடிப்பான்.

சந்தியாகு சிலுவை போட்டுக்கொண்டார்.

“என்னண்ணே, பலகைக்கு ஆஸ்துமாவா?” வாசலில் குணாளன் நின்றிருந்தார். “இன்ஹேலர் வாங்கிட்டு வரச் சொல்லட்டா?”

அவரே சிரித்தார். கால் மட்டும் வாசற்படியைத் தாண்டவில்லை.

“உள்ள வாங்க சார்” என்றாள் பிலோமினா.

“போன் வருது” என்று அவர் நகர்ந்தார். போன் வரவில்லை.

பிலோமினா கை நிறைய நுரையை எடுத்துப் பிளக்கின்மேல் வைத்தாள். சீட்டி நின்றது.

நுரையில் ஒரு குமிழி எழுந்தது. பெருத்தது. கண் அளவு வந்ததும் உடைந்தது.

இன்னொன்று எழுந்தது.

“பிளக் மூடித்தானே இருக்கு?” என்றார் சந்தியாகு.

“மூடித்தான் இருக்கு.”

“அப்புறம் காத்து எது வழியா வருது?”

“தண்ணி போன வழியா.”

சந்தியாகு டயரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வெயிலில் காய்ந்த பலகை குளிர்ந்த கடலில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், பக்கத்தில் இருப்பதை உறிஞ்சும். இதுவும் அவள் சொல்லிக்கொடுத்ததுதான். கரையோரத்தில் ஒரு வாய் தண்ணீர். கடலில் இன்னும் ஒரு வாய். கரை தெரியாத தூரத்தில் பலகை கனத்துப்போயிருக்கும். பாய் எழும்பியிருக்காது.

பிலோமினா ஈரச் சாக்கு ஒன்றைப் பலகைமேல் போர்த்தினாள். இன்னொன்று போர்த்தினாள். மூன்றாவதும் போட்டு வாளித் தண்ணீரில் பாதியை ஊற்றினாள். பிளக்கும் அதைச் சுற்றி இரண்டு சாண் இடமும் மட்டும் வெளியே தெரிந்தன.

“சூடு இறங்கினா நிக்கணும்ல?” என்றார்.

“நிக்கணும்.”

காத்திருந்தார்கள். பலகை தொட்டால் குளிர்ந்தது.

குமிழி எழுந்தது. உடைந்தது. எழுந்தது.

“மாஸ்டர், இதுக்குள்ள இவ்வளவு காத்து ஏது?”

“ஒன்பது நாளா இந்த நேரத்துக்கு வந்து உக்காந்து பாக்குறேன். நீந்திக் களைச்சவன் எப்படி விடுவானோ அப்படித்தான் விடுது. நீளமா. நடுவுல நிறுத்தி.”

“வாயை மூடுங்க மாஸ்டர்.”

“நேத்து நிறுத்தம் கொஞ்சம் கூடிருச்சு.”

சந்தியாகுவுக்குக் கோபம் வந்தது. “இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டு ஏன் கையெழுத்துப் போட்டீங்க? பாடம் எல்லாம் எனக்கு மட்டும்தானா?”

அவள் கையை நீட்டினாள். அவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கினாள். சோப்புத் தண்ணீரில் நனைத்தாள். பிளக்கின்மேல் விரித்து, ஓரங்களை உள்ளங்கையால் ஒட்டினாள். அவளுடைய கையெழுத்து சரியாகப் பிளக்குக்கு மேலே வந்தது.

காகிதம் எழுந்தது.

பிலோமினா என்ற எழுத்துகள் வீங்கின. வீங்கிய நிலையில் சற்று நின்றன. பிறகு தாழ்ந்தன.

மறுபடி எழுந்தன.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமைக்கவில்லை.

“போட்ட அன்னைக்கும் இது இங்கதான் கிடந்துச்சு” என்றாள். “நான் ஆபீஸ்ல மேசைமேல வச்சுப் போட்டேன்.”

சந்தியாகு கேட்டார். “நானும் போட்டா?”

“பக்கத்துல இடம் இருக்கு.”

அவள் பெயரிலிருந்து ஒரு சாண் தள்ளி, காகிதத்தில் ஒரு கோடு. அதன்கீழே ‘பழுது பார்ப்பவர்’ என்று அச்சிட்டிருந்தது. கோட்டின்மேல் வெறும் வெள்ளை.

அந்த இடத்துக்குக் கீழே பிளக் இல்லை. விரிசல் இல்லை. பலகையின் மழமழப்பான தோல் மட்டும்தான். அந்தத் தோலைத் தேய்த்து மெருகேற்றியவரே சந்தியாகுதான்.

அவர் குனிந்தார்.

வெள்ளை மெதுவாக எழுந்தது.

பேனாவை அவர் இன்னும் தொடவில்லை.

எழுந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். காகிதத்துக்குக் கீழே பலகை சில்லென்று இருந்தது. அதற்கும் காகிதத்துக்கும் நடுவே கையில் பட்டது வெதுவெதுப்பாக இருந்தது. அது அவர் கையைத் தள்ளியது. அவசரமே இல்லாமல் தள்ளியது.

“சந்தியாகண்ணே!” வெளியே குணாளனின் குரல். “ஆச்சா இல்லையா? முதலாளி லைன்ல இருக்காரு!”

சந்தியாகு கையை எடுத்தார். சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனார்.

“காகிதம் வேணும் சார்.”

“அதான் கையில குடுத்தேனே!”

“அது பத்தாது. வளையம் கேட்டது, வராதது, பழசைத் திரும்ப மாட்டினது, மாட்டினவன் பேரு, எல்லாம் எழுதணும். ஒரு வரியில அடங்காது.”

குணாளன் போனைக் கையால் பொத்தினார். “யோசிச்சுப் பேசுங்கண்ணே. எத்தனை பக்கம் எழுதப் போறீங்க?”

உள்ளேயிருந்து பிலோமினாவின் குரல் வந்தது.

“ரெண்டு பேருக்கு ஆகுற மாதிரி கொண்டு வாங்க சார்.”