வேங்கைக் கதவைத் தட்டின மரங்கொத்தி

ஒரு மலையடியில ஒரு காடு, அந்தக் காட்டுல ஒரு மரங்கொத்தி சோடி இருந்துச்சாம். சேவலுக்குத் தலையில செக்கச்செவேல்னு கொண்டை. அதுகளுக்குக் குயிலு மாதிரி கூவத் தெரியாது. பட்டுப்போன வேங்கை மரம் ஒண்ணு நின்னுச்சு, சேவல் அதுல போயி டொர்ர்ருன்னு தட்டும், எங்கிருந்தாலும் பெட்டை பதிலுக்குத் தட்டும். அதுதான் அதுகளுக்குப் பேச்சு. டேய், காலை ஆட்டாம கேளு.

பங்குனி மாசம், கோடை மழையோட ஒரு பேய்க்காத்து அடிச்சுச்சு பாரு, இரை தேடப் போன பெட்டையை மலைக்கு அந்தாண்ட தூக்கிட்டுப் போயிருச்சு. ஒரே மூடுபனி, வழி தெரியல. சேவல் தேடிப் போகலாம்னா பக்கத்து மரத்துப் பொந்துல ரெண்டு முட்டை கெடக்கு, விட்டுட்டுப் போனா ஆறிப்போயிரும். அதனால ஒரே ஓட்டமா வந்து வேங்கையில தட்டும், ஒரே ஓட்டமா போயி முட்டை மேல உக்காரும். சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே வந்துருவான்னு ஒரு நம்பிக்கை. "எங்கடி இருக்க, வந்துரு, வந்துரு"ன்னு தட்டுச்சு. பாவம்.

காட்டோரத்துல கொம்பையான்னு ஒரு ராசா. ரசத்துல உப்பில்லன்னு நாலு பேரு முன்னாடி ராணி செங்கமலத்தைத் திட்டிப்புட்டான், அவ கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போயிட்டா. அவ இல்லாம இவனுக்குச் சோறு எறங்கல, தூக்கம் வரல. ஆனா போயிக் கூப்பிட மாட்டானாம், அம்புட்டு வீம்பு!

"என்னடா அது, விடிஞ்சா போதும் டொர்ருங்குது?"

"மரங்கொத்தி அது பொஞ்சாதியைக் கூப்பிடுது மகாராசா."

"கூப்பிடுதா? அந்த மரத்தை வெட்டிச் சாயுங்கடா!"

வெட்டிட்டாங்க. நல்லாக் காஞ்ச மரமாச்சேன்னு ஆசாரி அதை அரண்மனைக்கு வாசக்கதவாச் செஞ்சு மாட்டிட்டாரு.

சேவல் வந்து பாத்தா மரத்தைக் காணோம். பலாவுல தட்டுச்சு, பொத்துன்னுச்சு. தேக்குல தட்டுச்சு, பொத்துன்னுச்சு. நாவமரத்துல தட்டுச்சு, பொத்துன்னுச்சு. பச்சை மரம் சத்தத்தை முழுங்கிரும்ல? அலைஞ்சு அலைஞ்சு அரண்மனை வாசலுக்கு வந்துச்சு. இழைச்சும் போகாத தன்னோட கொத்துத் தழும்பைக் கதவுல பாத்துச்சு. டொர்ர்ர்!

ராசா வேட்டியைக்கூடச் சரியாக் கட்டாம ஓடியாந்தான். "வந்துட்டியா செங்கமலம்?" தொறந்தா மரங்கொத்தி. மறுநாளும் டொர்ர்ர், "வந்துட்டியா?", மரங்கொத்தி. கதவைக் கழட்டிப் போட வேண்டியதுதானேங்கிறியா? மாட்டான்டா. நெசமாவே ஒருநாள் அவ வந்து தட்டிட்டான்னா?

மூணாம் நாளும் டொர்ர்ர். ராசா தொறந்துக்கிட்டு நிக்கிறான், அப்போ பனிக்குள்ள, தூரத்துல, ரொம்ப மெல்லிசா ஒரு டொர்ர். சேவல் தட்டத் தட்ட அது கிட்ட வருது, கிட்ட வருது. நனைஞ்சு எளைச்சுப்போயி பெட்டை வந்து கதவு மேல உக்காந்துச்சு. ரெண்டும் சேந்து பொந்துக்குப் பறந்துருச்சுங்க. முட்டை ரெண்டும் பொரிஞ்சுச்சு.

அதுக்கப்புறம் தெனமும் விடிஞ்சா அந்தச் சோடிக்கு அந்தக் கதவுதான். ராசாவும் தெனமும் ஓடியாந்து தொறந்தான், தலை நரைச்சுங்கூட ஓடியாந்தான்.

ராணியா? அவளும் பொறந்த வீட்டுல வாசக்கதவையே பாத்துக்கிட்டுத்தான் இருந்தாளாம். இந்தக் கிறுக்கன் போயி ஒரு தட்டுத் தட்டியிருந்தா வந்திருப்பா. போ, பொந்துல குஞ்சு தூங்கியாச்சு, நீயும் கண்ணை மூடு.