கொண்டலாத்தி கொண்டையை விரிப்பது எதற்கு

அந்தக் காலத்தில், பறவையும் மரமும் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு குளக்கரையில் பெரிய இலுப்பை மரம் நின்றது. அது யாருக்கும் தனிச் சொந்தமில்லை. காலையில் காகம் வந்து பஞ்சாயத்துப் பேசும். மத்தியானம் கொக்கு ஒற்றைக் காலில் தூங்கும். மரத்துப் பொந்தில் ஒரு கொண்டலாத்தி குடியிருந்தாள். அவளுக்கு நாலு குஞ்சு. கண் திறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது.

பொழுது சாய்ந்தால் வினை ஆரம்பிக்கும். இறக்கை முளைத்து, மீசை மட்டும் அரும்பாமல் திரிகிற இளவட்ட மைனாக்கள் எங்கெங்கிருந்தோ வந்து அந்த மரத்தில் கூடும். கூடி என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. அதைத்தான் ஊரால் பொறுக்க முடியவில்லை.

"வேலையில்ல, வெட்டியில்ல, என்னா சத்தம் போடுதுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தியது காகம்.

"சும்மா கூடுறவங்களத்தான் நம்பக் கூடாது" என்றது கொக்கு.

"அதுங்க என்ன செஞ்சுச்சு?" என்று குளத்திலிருந்து தலையை நீட்டியது ஆமை.

"இன்னும் ஒண்ணும் செய்யல. அதான் பயமா இருக்கு" என்றது கொக்கு.

கொண்டலாத்திக்குப் பயமெல்லாம் கிடையாது. தூக்கந்தான் கிடையாது. குஞ்சுகள் கண்ணசரும் நேரம் பார்த்து மேலே சிரிப்பு வெடிக்கும். நாலும் விழித்து வாயைப் பிளக்கும். பகலெல்லாம் புழு தோண்டி அலகு தேய்ந்தவள், மறுபடியும் தோண்டப் போகவேண்டும்.

ஒருநாள் வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தாள். "ஏண்டா, உங்களுக்கெல்லாம் வீடு வாசல் கிடையாதா?"

"இருக்கு அத்தை" என்றான் மஞ்சமூக்கன். அந்தக் கூட்டத்திலேயே வாய் நீண்டவன் அவன். "அம்மா அடுத்த முட்டை வச்சு உக்காந்திருக்கு. கிட்டப் போனா கொத்துது. வயலுக்குப் போனா பெருசுங்க விரட்டுது. இங்கதான் யாரும் கொத்தல."

"அதுக்கு என் தலைமேலதான் உக்காருவீங்களா?"

"உங்க தலைமேல ஏற்கனவே கொண்டை உக்காந்திருக்கே அத்தை, எங்களுக்கு எங்க இடம்?"

மரமே குலுங்கும்படி சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில், அவன் முதலில் சொன்னது அவள் காதில் விழுந்தும் மனசில் ஏறவில்லை.

விடிந்ததும் குளத்துக்கு அந்தப் பக்கம் நின்ற பீநாறி மரத்திடம் போனாள். அது பூத்துவிட்டால் அந்தத் திசையில் ஒருத்தரும் நடக்கமாட்டார்கள்.

"அண்ணே, உங்க வாடையில எனக்குக் கொஞ்சம் தாங்க."

கேட்டு வந்த முதல் ஆள் அவள்தான். மரத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தாராளமா எடுத்துக்க தாயி. ஆனா எனக்குக் குடுக்கத்தான் தெரியும். திருப்பி எடுத்துக்கத் தெரியாது."

"திருப்பித் தரேன்னு யாரு சொன்னா?"

உதிர்ந்து கிடந்த பூக்களில் புரண்டாள். வந்து பொந்து வாசலிலும் உள்ளேயும் தேய்தேயென்று தேய்த்தாள். சாயங்காலம் மைனாக்கள் வந்து ஒரு மூச்சு இழுத்தன. "ஐயையோ, அத்தை வீட்டுல இன்னைக்கு என்னா சமையல்!" என்று அலறிக்கொண்டு தூரத்து ஆலமரத்துக்குப் பறந்தன. இரண்டு நாளில் காகமும் கொக்கும்கூட இடம் மாறின. "நல்ல காரியம் பண்ணினே" என்று பாராட்டிவிட்டுத்தான் போயின.

குஞ்சுகள் அடித்துப் போட்டாற்போலத் தூங்கின. அவளும் தூங்கினாள்.

இருபது நாளில் குஞ்சுகளுக்கு இறக்கை முளைத்தது. சாயங்காலமானால் நாலும் வாசலில் நின்று ஆலமரத்துச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருக்கும்.

"அம்மா, கொஞ்ச நேரம் அங்க போயிட்டு வரட்டா?" என்றாள் மூத்தவள் வரிச்சி.

"அங்க என்ன வேலை?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

கொண்டலாத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போகச் சொன்னாள்.

போன வேகத்தில் திரும்பி வந்தன. மைனாக்கள் விரட்டவில்லை. மஞ்சமூக்கன் நகர்ந்து இடம்கூட விட்டானாம். ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் மூச்சைப் பிடித்துப் பார்த்து, முடியாமல், ஒவ்வொருவராக அடுத்த கிளைக்குப் போய்விட்டார்களாம். கடைசியில் அந்தக் கிளையில் இவர்கள் நாலு பேர்தான்.

"அவங்க ஒரு வார்த்தை சொல்லலம்மா" என்றாள் வரிச்சி. "ஏதாவது திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல."

கொண்டலாத்தி பிள்ளைகளைக் குளத்தில் முக்கினாள். புழுதியில் புரட்டினாள். வெயிலில் காயவைத்தாள். வாடை போகவில்லை. பீநாறி மரத்திடம் ஓடினாள். அது என்ன செய்யும் பாவம், அன்றைக்கே சொல்லிவிட்டதே.

பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் தனியாக மேயப் போய்விட்டன. அவள் மட்டும் இலுப்பை மரத்தடிக்கு வந்து, கொண்டையைக் காதுபோல விரித்து, மேலே பார்ப்பாள். "ஊப்... ஊப்... ஊப்..." என்று கூப்பிடுவாள். வாங்கடா, வந்து கத்துங்கடா என்று அதற்கு அர்த்தம். ஆலமரத்துக் கூச்சலில் அது யாருக்குக் கேட்கும்?

அன்று முதல்தான் கொண்டலாத்தியின் கூடு நாறுகிறது. தரையில் வந்து இறங்கியதும் அவள் கொண்டையை விரித்து மடக்குகிறாளே, அது அழகு காட்ட இல்லை. தலைக்கு மேலே மரத்தில் சின்னதுகள் வந்து சும்மா உட்கார்ந்திருக்கின்றனவா என்று காது கொடுத்துப் பார்க்கிறாள்.