இன்னொரு சாவி

"சாவி சரியாத்தானே திரும்புது. அப்புறம் ஏன் இன்ஜின் எடுக்க மாட்டேங்குது?"

கேட்டவர் தேவசகாயம் சார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கயிறு கட்டி இழுத்து வந்த பழைய கார் பட்டறை வாசலில் நின்றது.

பட்டறை ஜெனோவாவுடையது. தூத்துக்குடியில் பழைய கார்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை என்றால் அவளிடம்தான் அனுப்புவார்கள். ஒரு காலத்தில் சாரிடம் கணக்குப் படித்தவள்.

அவள் சாவியை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"இது பூட்டுக்கடையில வெட்டினது சார். கதவு மட்டும் திறக்கும். ஒரிஜினல் சாவிக்குள்ள ஒரு சிப் இருக்கும். அது தனக்குத் தெரிஞ்ச சிப்தான்னு வண்டியில இருக்கிற கம்ப்யூட்டர் ஒத்துக்கிட்டாத்தான் இன்ஜின் ஓடும்."

"ரெண்டு மெக்கானிக் இதையேதான் சொன்னாங்க. நீயாவது வேற காரணம் சொல்லுவேன்னு பார்த்தேன். கம்ப்யூட்டர் பெட்டியை மாத்திரலாம்னாங்க."

"மாத்தியிருக்கலாமே."

"மாத்தினா பழைய சாவி எடுக்காதாமே."

"எடுக்காது. புதுச் சாவி தருவாங்க."

சார் காரைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னொண்ணு செய்யலாம். சாவியைச் சரிபார்க்கிற வேலையையே நிறுத்திரலாம். எந்தச் சாவிக்கும் ஓடும். பழசுக்கும் ஓடும்."

"யார் போட்டாலுமா?"

"யார் போட்டாலும்."

"வேண்டாம்மா. அது எப்சிபாவுக்கு வாங்கின வண்டி."

எப்சிபா அவருடைய ஒரே மகள்.

ஏழு வருஷத்துக்கு முன்பு தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொள்ளப்போகிறேன் என்றாள். இனி இந்த வாசலை மிதிக்காதே என்றார் இவர். காரை விட்டுவிட்டு ஆட்டோவில் போனாள். சாவி அவள் கைப்பையோடு போய்விட்டது.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் சார் காரைக் கழுவினார். டயருக்குக் காற்றடித்தார். பேட்டரி செத்தால் புதிது வாங்கிப் போட்டார். எல்லாம் முடிந்ததும் முன்பக்கத்தில், ஸ்டியரிங் இல்லாத சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வார். வெயில் ஏறும்வரை அங்கேயே இருப்பார். வேலைக்குப் போகும் வழியில் அவள் அவரைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்ட நாட்களில் அவர் உட்கார்ந்து வந்த சீட்டு.

"இப்ப நீங்க ஓட்டப் போறீங்களா சார்?"

"எனக்கு ஓட்டத் தெரியாது."

"அப்ப எதுக்கு?"

"நின்னு நின்னு இன்ஜின் இறுகிப்போகும்னு சொல்றாங்க. நாளைக்கு அவ வந்தா ஓடணுமில்ல."

ஜெனோவா ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு வயரைச் சொருகி, கையிலிருந்த கருவியின் திரையைப் பார்த்தாள்.

"ஒரே ஒரு சாவிதான் பதிஞ்சிருக்கு."

"அதை அழிக்காம எனக்கு இன்னொண்ணு சேர்க்க முடியுமா?"

"முடியும்."

சார் நிமிர்ந்தார்.

"ஆனா முதல்ல பழைய சாவியைப் போட்டுத் திருப்பணும். அதுக்கப்புறம்தான் இந்த வண்டி புதுசைச் சேர்த்துக்கும்."

"அது அவகிட்டல்லா இருக்கு."

"ஆமா சார்."

உப்பு லாரி ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு போனது.

"தூக்கி எறிஞ்சிருந்தா?"

"அதை இந்தக் கருவி காட்டாது."

ஜெனோவா வயரைப் பிடுங்கிச் சுருட்டினாள். கருவியை அதன் பெட்டிக்குள் வைத்து மூடினாள். ஸ்டூலைத் துடைத்து அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

அவர் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். நம்பரை எங்கும் தேடவில்லை. ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார்.

மணி வெகுநேரம் அடித்தது.

"ஹலோ."

சார் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அப்பாவா?"

"எப்சிபா." கார் கூரையில் கையை ஊன்றிக்கொண்டார். "அந்தக் கார் சாவி... இன்னும் வச்சிருக்கியாம்மா?"

போன் அணைந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி காதில் வைத்தார்.

"எங்க வீட்டுச் சாவியோட ஒரே வளையத்துலதான்பா கிடக்கு."